குலமுறை கிளத்திய கோமாட்டி

வட இங்கிலாந்தின் யோர்க்ஷயர்ப் பகுதியிலே, குன்றுகளும் புல்வெளிகளும் சூழ்ந்த ஓரிடத்தில், ஸ்கிப்டன் என்னும் சந்தைப் பட்டினம் அமைந்துள்ளது. 'ஆட்டூர்' என்பதே அப்பெயரின் பொருள். லீட்ஸ் நகரிலிருந்து புகையிரதம் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் இங்கு வந்து சேரலாம். பட்டினத்தின் பெருந்தெரு மேட்டை நோக்கி ஏறிச் செல்கின்றது. வாரத்தில் நான்கு நாட்கள் அதன் இருமருங்கும் சந்தை கூடுகின்றது. விலை கூறுவோரின் குரல்களைக் கடந்து தெருவின் தலைப்பை நாம் அடைந்தபோது, ஒருபால் திரித்துவ ஆலயமும், அதன் அயலிலே ஸ்கிப்டன் கோட்டையின் வாயிலும் எதிர்நின்றன.

கோட்டை வாயிலின் இருபுறமும் உருண்டு திரண்ட இரு கோபுரங்கள். அவற்றின் இடையே, உச்சிச் சுவரிலே, கல்லில் வெட்டிய பேரெழுத்துகளால் ஆன ஒரு சொல் நிற்கின்றது. எழுத்துகளின் இடைவெளியூடாக வானம் தெரிகின்றது. 'தெசோர்மே' என்னும் பிரெஞ்சுச் சொல் அது. 'இனிமேல்' என்பது அதன் பொருள். கிளிபோட் என்னும் பிரபு குலத்தின் விருதுவாக்கியம் அந்த ஒற்றைச் சொல்லேயாகும். இதன் பின்னே ஒரு குலத்தின் பல நூற்றாண்டு வரலாறும், ஒரு பெண்மணியின் முப்பத்தெட்டு ஆண்டுப் போராட்டமும் அடங்கிக் கிடக்கின்றன.

குலமுறை என்பது பெரும்பாலும் செல்வர்தம் வீண்பெருமை என்றே நாம் எண்ணுகின்றோம். பாட்டன், பூட்டன் பெயர்களை வரிசையாகச் சொல்வதால் எவர்க்கு என்ன பயன் என்று கேட்போரும் உளர். ஆயின் இக்கோட்டையில் வாழ்ந்த ஆன் கிளிபோட் அம்மையாருக்கோ குலமுறையே ஆயுதமாயிற்று. அதுவே வழக்குரையும் ஆயிற்று. அதனை அறிந்துகொள்ளுமுன் அக்குலத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

வேல்ஸ் நாட்டின் எல்லையோரமாக, வை ஆற்றங்கரையிலுள்ள கிளிபோட் கோட்டையே இக்குலத்தின் பெயருக்கு மூலம். வடநாட்டு நிலங்கள் அவர்களுக்குப் போரினால் வந்தவை அல்ல, திருமணத்தினால் வந்தவை. வெஸ்ட்மோலண்ட் பகுதியின் பெருநிலங்களையும், அங்குப் பரம்பரை ஷெரிப் பதவியையும் பெற்றிருந்தவர்கள் விப்பொன்ட் குலத்தினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்குலத்தில் ஆண்மகன் இல்லாது போகவே, இசபெல்லா விப்பொன்ட் என்னும் பெண் அவ்வுரிமையில் பங்கு பெற்றார். அவரை மணந்தவர் ரோஜர் கிளிபோட். 1282ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுப் போரிலே, மெனை நீரிணையில் ரோஜர் மூழ்கி இறந்தார். அவர்களின் மகன் ரொபேட், தாய்வழி வந்த நிலங்களுக்கு உரியவரானார். 1299ஆம் ஆண்டில் பாராளுமன்றத்துக்கு அழைக்கப்பெற்றுப் பிரபுவானவரும், 1310ஆம் ஆண்டில் இரண்டாம் எட்வேட் மன்னனிடமிருந்து ஸ்கிப்டனைப் பெற்றவரும் இவரே. ஆகவே, வடநாட்டுக் கிளிபோட் குலத்தின் வேர் ஒரு பெண்ணின் உரிமையில் ஊன்றியது என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அதன்பின் வந்த ஆண்மக்களின் வரலாறோ பெரும்பாலும் இரத்தத்தால் எழுதப்பட்டது. ஸ்கிப்டனைப் பெற்ற நான்கே ஆண்டுகளில், 1314இல், ரொபேட் பனொக்பேண் போர்க்களத்தில் ஸ்கொத்லாந்தியரால் வீழ்த்தப்பட்டார். அவர் மகன் ரோஜர் மன்னனை எதிர்த்துக் கிளர்ந்து, 1322இல் யோர்க் நகரிலே தூக்கிலிடப்பட்டார். ஏழாம் பிரபு 1422இல் பிரான்சிலுள்ள மோ நகர முற்றுகையில் மாண்டார். எட்டாம் பிரபு தோமஸ், 1455இல் சென்ட் ஓல்பன்ஸ் போரில் உயிர் துறந்தார். உரோசாப் பூப் போர்கள் எனப்படும் உள்நாட்டுப் போர்களின் தொடக்கம் அது. தந்தையின் சாவுக்குப் பழிவாங்க எழுந்தவர் ஒன்பதாம் பிரபு ஜோன். வேக்பீல்ட் போரின் முடிவிலே யோர்க் கோமகனின் பதினேழு வயது மைந்தனைக் கொன்றார் என்னும் பழியும், 'கசாப்புக்காரர்' என்னும் பட்டப்பெயரும் அவரைச் சூழ்ந்தன. 1461இல் பெரிபிறிட்ஜ் என்னுமிடத்தில் அவரும் களப்பட்டார்.

பகைவர் கை ஓங்கியது. கிளிபோட் நிலங்கள் யாவும் பறிமுதலாயின. ஜோன் பிரபுவின் மூத்த மகன் ஹென்றி அப்போது ஏழு வயதுப் பாலகன். தாய் அவனை இடையர்களிடம் ஒப்படைத்தாள் என்றும், அவன் இருபத்து நான்கு ஆண்டுகள் ஆடு மேய்த்து வளர்ந்தான் என்றும் மரபுக் கதை கூறும். அவன் எழுத்தறிவு இன்றியே வளர்ந்தான் என்று குலநூல் குறிக்கின்றது. 1472இலேயே அரசமன்னிப்புப் பெற்றமையால், அவர் முழுக்காலமும் மறைந்து வாழ்ந்திருத்தல் அரிது என்பர் இக்கால ஆய்வாளர். எவ்வாறாயினும், 1485இல் ஏழாம் ஹென்றி அரியணை ஏறியதும் நிலங்கள் மீண்டன. 'இடையப் பிரபு' என்று பெயர் பெற்ற இவர், ஸ்கிப்டன் கோட்டையின் ஆரவாரத்தை விட்டு, அண்மையிலுள்ள பாடன் கோபுரத்தில் தங்கி, போல்டன் மடத்துத் துறவியருடன் வானசாத்திரம் பயின்றார். வேட்ஸ்வேத் என்னும் கவிஞரும் இவரைப் பாடியுள்ளார். ஏறக்குறைய அறுபது வயதில், 1513இல், பிளொடன் போருக்குச் சென்று மீண்டார். 1523இல் அமைதியாக மறைந்தார்.

அவர் மகனுக்கு 1525இல் எட்டாம் ஹென்றி, கம்பலாந்தின் 'ஏர்ல்' என்னும் கோமகன் பட்டத்தை அளித்தான். இரண்டாம் கோமகன் அம்மன்னனின் தங்கை மகளையே மணந்தார். மூன்றாம் கோமகன் ஜோர்ஜ் கிளிபோட் முதலாம் எலிசபெத் அரசியின் வீரர்களுள் ஒருவர். 1590 முதல் அரசியின் சார்பில் விருதுப் போர்களில் நிற்கும் வீரராக விளங்கினார்; சொந்தக் கப்பல்களைத் திரட்டி ஸ்பானியரோடு கடலிலே பொருதார்; 1598இல் புவேட்டோ றிக்கோவின் தலைநகரைக் கைப்பற்றினார். கிழக்கிந்தியக் கும்பனிக்கு 1600ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள் அரசி வழங்கிய பட்டயத்திலே முதலாவதாக நிற்கும் பெயரும் இவருடையதே. அவர் கட்டுவித்த கப்பலொன்றே பின்னர் கும்பனியின் முதற் பயணத்திற்குத் தலைமைக் கப்பலாயிற்று. கடலில் வந்த புகழ் பெரிது. கடலிற் போன பொருள் அதனினும் பெரிது. கடன் மலிந்தது.

இந்த ஜோர்ஜ் கோமகனின் மகளே ஆன். 1590ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ஸ்கிப்டன் கோட்டையிற் பிறந்தார். அவருக்கு மூத்தோராகப் பிறந்த ஆண்மக்கள் இருவரும் ஆறு வயது நிரம்புமுன்னரே இறந்தனர். தாய் மார்கரட், சாமுவேல் டானியல் என்னும் கவிஞரை ஆசிரியராக அமர்த்தி மகளுக்குக் கல்வி ஊட்டினார். 1605இல் தந்தை மறைந்தபோது ஆனுக்கு வயது பதினைந்து. மரணசாசனத்தைத் திறந்து பார்த்தனர். கோட்டைகளும் நிலங்களும் கோமகனின் தம்பி பிரான்சிஸுக்கு. மகளுக்கு 15,000 பவுண் பணம். தம்பியின் ஆண்வழி அற்றுப்போனால் மட்டுமே நிலங்கள் மகளிடம் மீளும் என்பது ஏற்பாடு.

பணத்தைப் பெற்று ஒதுங்கியிருந்தால் உலகம் அவரைக் குறை கூறியிராது. ஆனால் தாயும் மகளும் பழைய ஓலைகளைத் தேடலாயினர். இரண்டாம் எட்வேட் மன்னன் காலத்து உரிமை முறியின்படி இந்நிலங்கள் உடையவரின் வயிற்றுப்பிள்ளைக்கே உரியன. அப்பிள்ளை ஆணா பெண்ணா என்பது அம்முறியிற் பேசப்படவில்லை. அங்ஙனமாயின் தம்பிக்கு எழுதிவைக்கும் அதிகாரம் தந்தைக்கு இல்லை. இதுவே அவர்களின் வாதம். இவ்வாதத்தை நிலைநாட்டக் குலமுறை வேண்டியிருந்தது. யார் யாருக்கு மகன், எந்த ஆண்டில் எந்நிலம் எவர் கைக்கு வந்தது என்பவற்றை ஒவ்வொரு தலைமுறையாக நிறுவவேண்டியிருந்தது. இசபெல்லா விப்பொன்டின் பெயர் இந்த வழக்கிலே மீண்டும் உயிர்பெற்றது.

1609இல் ஆன் அம்மையார் டோர்செட் கோமகன் றிச்சட் சக்வில்லை மணந்து, தென்னாட்டுக் கென்ட் பகுதியிலுள்ள நோல் மாளிகைக்குச் சென்றார். கணவரோ ஆடம்பரப் பிரியர். வழக்கை விட்டுப் பெருந்தொகையை வாங்கிக்கொள்ளுமாறு மனைவியை நெருக்கினார். அம்மையார் இணங்கவில்லை. 1616ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், வடக்கே புறூம் கோட்டைக்கு அண்மையில் தாயிடம் விடைபெற்று நோலுக்குத் திரும்பினார். அடுத்த மாதமே, இரண்டு வயது நிரம்பாத மகளைக் கணவர் அவரிடமிருந்து பிரித்து இலண்டனுக்கு அழைப்பித்துக்கொண்டார். அதே மாதத்தில் தாய் இறந்தார் என்னும் செய்தியும் வந்தது. ஒரு பெண்ணின் மனத்தை முறிக்க இவற்றினும் வேறென்ன வேண்டும்?

1617ஆம் ஆண்டு ஜனவரியில் முதலாம் ஜேம்ஸ் மன்னன் முன்னிலையில் அவர் நிறுத்தப்பட்டார். முடிவைத் தன் கையில் விட்டுவிடுமாறு மன்னன் கேட்டான். கணவர் ஒப்பினார், சிற்றப்பரும் ஒப்பினார். தாம் உயிரோடிருக்கும் வரை வெஸ்ட்மோலண்டைக் கைவிடமாட்டார் என்று மண்டியிட்டபடியே மறுத்துரைத்தவர் ஆன் ஒருவரே. தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. அதில் ஒப்பமிடவும் அவர் மறுத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

1624இல் முதற் கணவர் இறந்தார். 1630இல் பெம்புறோக் கோமகன் பிலிப் ஹேபேட்டை மணந்தார். அம்மணமும் இன்பம் தரவில்லை. சிற்றப்பர் பிரான்சிஸ் 1641இல் காலமானார். அவர் மகன் ஹென்றி 1643இல் ஆண்மகவின்றி மாண்டார். அவர் விட்டுச்சென்றது எலிசபெத் என்னும் ஒரே மகளை. ஆண்வழியைக் காப்பதற்கென்று அண்ணன் மகளை விலக்கிய அக்கிளை, தானும் ஒரு பெண்ணிலேயே வந்து முடிந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளின் பின்னர், ஐம்பத்து மூன்றாம் வயதில், ஆன் தம் முன்னோர் நிலத்துக்கு உரியவரானார்.

அந்நிலமோ அப்போது போர்க்களமாய் இருந்தது. மன்னனுக்கும் பாராளுமன்றத்துக்கும் மூண்ட போரிலே ஸ்கிப்டன் கோட்டை மன்னன் பக்கம் நின்று, மூன்றாண்டு முற்றுகையைத் தாங்கி, 1645 டிசெம்பரிலே பணிந்தது. பின்னர் பாராளுமன்றத்தார் அதன் கூரையைப் பெயர்த்துச் சுவர்களையும் இடித்தனர். 1649இல், ஐம்பத்தொன்பதாம் வயதில், அம்மையார் வடக்கே வந்து கண்டவை கற்குவியல்களே. அன்று தொடங்கிய திருப்பணி அவர் இறுதிக்காலம் வரை ஓயவில்லை. ஸ்கிப்டன், அப்பிள்பி, புறூம், பிறவ், பென்டிராகன் ஆகிய ஐந்து கோட்டைகளும் மீண்டும் கூரை பெற்றன. பல ஆலயங்களும் புதுக்கப்பட்டன.

ஸ்கிப்டன் கோட்டையின் உள்வாயிலுக்கு மேலே, 1657, 1658ஆம் ஆண்டுகளில் தாம் இதனைப் பழுதுபார்த்ததாக அவர் பொறித்துவைத்த கல்லை நாம் கண்டோம். கோட்டை இடிக்கப்பட்ட மாதமும் காரணமும் அக்கல்லிலே உள்ளன. இடித்தவர்களின் ஆட்சி நடந்த காலத்திலேயே அவற்றை எழுதிவைத்த துணிவை வியவாதிருத்தல் இயலாது. இறுதியிலே விவிலிய நூலின் ஏசாயா ஆகமத்து 58ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தைக் குறித்துள்ளார். பாழான இடங்களைத் திரும்பக் கட்டுவோரைப் பற்றியது அவ்வசனம். உள்முற்றத்தின் நடுவே 1659இல் நடப்பட்டதெனக் கூறப்படும் யூ மரமொன்று இன்றும் பசுமை மாறாது நிற்கின்றது. சுற்றியுள்ள கற்சுவர்கள் யாவும் அதன் நிழலிலே குளிர்ந்து கிடந்தன.

கல்லிற் கட்டியதோடு அவர் அமையவில்லை. தாயார் காலந்தொட்டுத் திரட்டிய பட்டயங்களையும் தீர்ப்புகளையும் தலைமுறை தலைமுறையாக அடுக்கி, ஒவ்வொருவரின் வரலாற்றையும் சேர்த்து, மூன்று பெருந்தொகுதிகளாகக் குலநூல் எழுதுவித்தார். அவை பல படிகள் எடுக்கப்பட்டன. ஒன்று அழிந்தாலும் மற்றொன்று எஞ்சும் அன்றோ? 2015ஆம் ஆண்டில் அந்நூல் அச்சிலும் வெளிவந்தது. 1646இல் அவர் தீட்டுவித்த மூன்று மடிப்புள்ள பெரும் ஓவியம் கெண்டல் பட்டினத்து அபொட் ஹோல் கலைக்கூடத்திற்கு உரியது. அதன் நடுவே பெற்றோரும் இறந்த தமையன்மாரும். இடப்புறம் உரிமை இழந்த பதினைந்து வயதுச் சிறுமி. வலப்புறம் உரிமை மீண்ட ஐம்பத்தாறு வயது மாது. இடையிற் கழிந்த காலம் அவ்வோவியத்தில் இல்லை. அதனை வீணான காலமென்று அவர் கருதினார் போலும்.

ஸ்கிப்டனிலிருந்து காலைல் நோக்கிச் செல்லும் புகையிரதம், இருபத்து நான்கு வளைவுகள் கொண்ட றிப்பிள்ஹெட் பாலத்தைக் கடந்து, மரமற்ற மலைவெளிகளினூடே அப்பிள்பிக்குச் செல்கின்றது. ஈடன் ஆற்றின் வளைவிலே அமைந்த சிற்றூர் அது. மேட்டின் உச்சியிலே கோட்டை. தெருவின் அடியிலே சென்ட் லோறன்ஸ் ஆலயம். இடையிலே, ஏழை விதவையருக்கென அம்மையார் 1651இல் தொடங்கிய அறச்சாலை. சிறு வீடுகள் சூழ்ந்த அதன் முற்றத்திலே பூச்செடிகள் மலர்ந்திருந்தன. மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவ்வறம் நின்று நிலவுகின்றது.

ஆலயத்தினுள்ளே தாயின் கல்லறையும் மகளின் கல்லறையும் உள்ளன. தாயின் கல்லறைமீது வெண்பளிங்கில் அவர் உருவம் கிடக்கின்றது. மகளின் கல்லறையிலோ உருவமே இல்லை. உயிரோடிருக்கும்போதே தமக்கென அவர் கட்டுவித்தது அது. கல்லறையின் பின்சுவரில் இருபத்து நான்கு குலச்சின்னக் கேடயங்கள் மட்டும் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. விப்பொன்ட் குலத்தில் தொடங்கிக் கிளிபோட் பிரபுக்கள் வழியாக இறங்கி வரும் குலமுறை மரம் அது. முகத்தையன்று, தம் உரிமையின் சான்றையே அவர் தம் நினைவுச்சின்னமாக விட்டுச்சென்றார். வழக்கு முடிந்து நெடுங்காலமாயினும், அச்சுவர் இன்றும் வாதாடிக்கொண்டே நிற்பதாக எமக்குத் தோன்றியது.

1676ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், எண்பத்தாறாம் வயதில், புறூம் கோட்டையில் அவர் காலமானார். தந்தை பிறந்ததும் தாய் இறந்ததும் அதே அறையிலாகும். இசபெல்லா விப்பொன்ட் வழி வந்த வெஸ்ட்மோலண்ட் ஷெரிப் பதவியையும் இறுதிவரை அவர் வகித்திருந்தார். அவருடைய நிலங்கள் மகள் மார்கரட் வழியாகத் தனெட் கோமக்களாகிய டஃப்டன் குலத்துக்குச் சென்றன. கண்ணுங்கருத்துமாகப் புதுக்கிய புறூம் கோட்டையின் ஈயத்தையும் மரத்தையும் 1714இல் அக்குலத்தார் விற்றுவிட்டனர். இன்று அது கூரையற்ற பாழ். ஸ்கிப்டன் கோட்டை 1956இல் வேறொரு குடும்பத்தின் கைக்கு மாறியது. 1299இல் எழுந்த பிரபுப் பட்டம் மட்டும், பெண்கள் வழியாகவும் இறங்கத்தக்கது ஆகலின், குலம் விட்டுக் குலம் மாறிப் பன்முறை பெண்களாலேயே காக்கப்பட்டு இன்றளவும் நிலைத்துள்ளது.

அம்மையார் நோலில் எழுதிய நாட்குறிப்பை 1923இல் பதிப்பித்தவர் வீற்றா சக்வில்-வெஸ்ட் என்னும் எழுத்தாளர். நோலிலேயே பிறந்து வளர்ந்த ஒரே மகள் அவர். 1928இல் தந்தை இறந்தபோது, பெண்ணாகப் பிறந்தமையால் நோல் அவருக்கு இல்லையாயிற்று; அது சிற்றப்பனிடம் சென்றது. தாம் பதிப்பித்த துயரத்தைத் தாமே பட்டார். பிரித்தானிய அரியணையில் ஆணுக்கு முன்னுரிமை என்னும் விதியை 2013ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது. பிரபுப் பட்டங்களிற் பெரும்பாலானவையோ இன்னும் ஆண்வழியே செல்கின்றன.

புறூம் கோட்டைக்குக் கிழக்கே, பெருவீதியின் ஓரத்தில், எண்கோண வடிவான கற்றூண் ஒன்று நிற்கின்றது. வாகனங்கள் அதனைப் பாராமலே விரைந்து செல்கின்றன. தாயும் மகளும் இறுதியாகப் பிரிந்த இடம் அது. 1656இல் அம்மையார் அத்தூணை நாட்டி, ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் நாள் புறூம் வட்டாரத்து ஏழைகளுக்கு நான்கு பவுண் வழங்க அறக்கட்டளையும் வைத்தார். நான்கு பவுண் அக்காலத்திற் பெருந்தொகை. இக்காலத்தில் ஒரு வேளை உணவுக்கும் போதாது. ஆயினும் அத்தருமம் நின்றுவிடவில்லை. பட்டமும் கோட்டையும் கைமாறிய பின்னரும், ஒரு மகள் தன் தாயை நினைந்து வைத்த அந்நான்கு பவுண் தவறாது கொடுக்கப்பட்டு வருகின்றது.